வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்

இன்னைக்கு ஒரு சின்னப் பொருளோட நீளமான கதை. பாக்கெட்ல மடக்கி வைக்கிற கத்தி.

விலை குறைஞ்ச மடக்குக் கத்தி ஒண்ணை ஆன்லைன்ல தேடிப் பாருங்க. பிளேடு மேல வைஃபை பாஸ்வேர்ட் மாதிரி ஏதாவது பொறிச்சிருக்கும். 8சிஆர்13மோவி. டி2. 440சி. 420ஹெச்சி. இதெல்லாம் ஸ்டீலோட பேரு. வாங்குறவங்க பாதிப் பேர் இதை வச்சுத்தான் முடிவு பண்றாங்க. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: எதுல கூர் அதிக நாள் நிக்கும்?

நியாயமான கேள்விதான். என் கத்திக்கு இருக்கிற ஒரே வேலை, வீட்டுக்கு வர்ற டெலிவரி டப்பாக்களைப் பிரிக்கிறது. அட்டை பார்க்க சாதுவா இருக்கும். ஆனா அதுக்குள்ள பொடி மண்ணும் தாதுத் துகளும் கலந்திருக்கும். ஒரு மாசம் அட்டை கிழிச்சா எந்தக் கத்தியும் மொக்கையாகும். சிலது ஒரு வாரத்துலயே ஆகும். ரெண்டு கத்திலயும் ஒரே ஸ்டீல் பேரு பொறிச்சிருந்தாலும் இந்த வித்தியாசம் வரலாம். அது ஏன்னு தேடிப் போனா, பதில் 200 வருஷத்துக்கு மேல நீளுது. அந்த வரலாறு சொல்றது இதுதான்: பிளேடுல பொறிச்ச பேரு பாதி விஷயம்தான். மீதிப் பாதி, அந்த ஸ்டீலை நெருப்புல வச்சு எடுத்தவரோட கையில இருக்கு. அந்தப் பாதியை யாரும் பிளேடுல பொறிக்கிறதில்ல.

கூர் எப்படிப் போகுது?

முதல்ல கொஞ்சம் அடிப்படை. கத்தி மொக்கையாகுறதுங்கிறது ஒரே விஷயம் இல்ல. குறைஞ்சது நாலு விதமா அது நடக்கும்.

ஒண்ணு, விளிம்பு மடங்குறது. ஸ்டீல் மென்மையா இருந்தா, அந்த மெல்லிய விளிம்பு ஒரு பக்கமா சாஞ்சிடும். ரெண்டு, தேய்மானம். அட்டைல இருக்கிற துகள்கள் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமா உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். மூணு, சில்லு சில்லா பெயர்றது. கடினம் அதிகமாகி, தாங்கும் சக்தி குறைஞ்சா இது நடக்கும். நாலு, துரு. எலுமிச்சை நறுக்கிட்டுத் துடைக்காம வச்ச கார்பன் ஸ்டீல் கத்தி, யாரும் தொடாமலே கூர் இழக்கும்.

இதுல மடங்குறதைத் தடுக்கிறது கடினம். தேய்மானத்தைத் தடுக்குறதுல கடினத்தோட கார்பைடுகளுக்கும் பங்கு உண்டு. கார்பைடுன்னா, ஸ்டீலுக்குள்ள கார்பனும் குரோமியம், வனேடியம் மாதிரி உலோகங்களும் சேர்ந்து உருவாகுற ரொம்பக் கடினமான துகள்கள். கான்கிரீட்ல ஜல்லி இருக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. ஜல்லி கூடினா தேய்மானம் குறையும். ஆனா பெரிய ஜல்லி நிறைய இருந்தா விளிம்பு சீக்கிரம் பெயரும். தீட்டுறதும் கஷ்டம். ஒரு பக்கம் கூட்டினா இன்னொரு பக்கம் குறையுற கணக்கு இது.

ஒரு பேனாக் கத்தியும் நம்ம பக்கத்து உருக்கும்

1790கள்ல பம்பாயில இருந்து ஹெலெனஸ் ஸ்காட்ங்கிற டாக்டர் லண்டன் ராயல் சொசைட்டி தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு ஒரு உலோகத்தோட மாதிரிகளை அனுப்புறார். ஐரோப்பியர்கள் அதை வுட்ஸ்னு எழுதினாங்க. தென்னிந்தியால மண் மூசைக்குள்ள இரும்பையும் கரிப்பொருளையும் வச்சு, மூடி, உருக்கி எடுத்த எஃகு அது. கன்னடத்துல உக்கு, தமிழ்ல உருக்கு. வுட்ஸ்ங்கிற பேரு அங்கிருந்து திரிஞ்சு வந்ததுன்னு ஒரு விளக்கம் உண்டு. நம்ம ஈரோடு மாவட்டத்துல, நொய்யல் கரையில இருக்கிற கொடுமணல்லயும் இரும்பு, எஃகு வேலை நடந்த தடயங்கள் அகழாய்வுல கிடைச்சிருக்கு.

ஜார்ஜ் பியர்சன் அந்த மாதிரிகளை ஆராய்ஞ்சு, 1795ல ராயல் சொசைட்டில ஒரு கட்டுரை படிச்சார். அவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்ங்கிற லண்டன் கத்திக்காரர்கிட்ட ஒரு துண்டைக் கொடுத்து, பேனாக் கத்தி செஞ்சு தரச் சொன்னார். இறகுப் பேனாவைச் சீவுற சின்னக் கத்தி. அந்தக் காலத்துப் பாக்கெட் கத்தின்னு வச்சுக்கலாம். கத்தி நல்லா வந்துச்சு. இங்கிலாந்துல புழங்குற எந்த எஃகையும் விட இதுல கூர் நுண்மையாவும் நீடிச்சும் நிக்கும்னு ஸ்டோடார்ட் கருத்து சொன்னார்.

இதுல எனக்கு முக்கியமாப் படுறது வேற ஒண்ணு. வுட்ஸை அடிச்சு உருவாக்குறது அவருக்கு லேசா இருக்கல. இருட்டுல மட்டுமே கண்ணுக்குத் தெரியுற மங்கலான சிவப்புச் சூட்டுலதான் அவர் அதை அடிச்சார். கார்பன் அதிகமா இருக்கிற எஃகு அது. சூடு ஏறிட்டா சுத்தியல் அடில நொறுங்கிடும். அதாவது, பொருள் இந்தியால இருந்து கப்பல்ல போய்ச் சேர்ந்துச்சு. அதை எப்படிக் கையாளணும்ங்கிற அறிவு கூடப் போகல. ஸ்டோடார்ட் அதைத் தன் உலையில திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இதே ஸ்டோடார்ட் பிற்பாடு ஒரு இளைஞரோட சேர்ந்து, வுட்ஸ் மாதிரி ஒரு எஃகை இங்கிலாந்துலயே செய்ய முயற்சி பண்ணார். எஃகோட பிளாட்டினம், வெள்ளி, ரோடியம்னு கலந்து பார்த்தாங்க. கட்டுரைகள் 1820லயும் 1822லயும் வந்துச்சு. அந்த இளைஞர் மைக்கேல் ஃபாரடே. ஆமா, மின்காந்தத் தூண்டல் ஃபாரடேதான். இதுக்கு நடுவுல, 1821ல, பிரான்ஸ்ல பியர் பெர்தியே எஃகோட குரோமியம் கலந்து ஒரு கத்தியும் சவரக் கத்தியும் செஞ்சு பார்த்திருந்தார். இன்னைக்குப் பெரும்பாலான பட்ஜெட் கத்திலயும் இருக்கிற குரோமியத்தோட கதை அங்க தொடங்குது.

வுட்ஸ் பத்திப் பேசினா நமக்கு ஒரு பெருமிதம் வரும். வரட்டும். ஆனா ஒரு சோதனையையும் சொல்லணும். 2008ல ஜான் வெர்ஹோவன் குழு வுட்ஸ் கத்திகளையும் நவீன ஸ்டீல் கத்திகளையும் மெஷின்ல வெட்ட வச்சுப் பார்த்தாங்க. நவீன ஸ்டீலுக்கு உரிய உயர்ந்த கடினத்துக்கு எல்லாத்தையும் கொண்டு வந்தப்போ, வுட்ஸ் முதலிடம் பிடிக்கல. சவர பிளேடுக்காக உருவான ஏஇபி-எல்ங்கிற ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் முன்னால நின்னுச்சு. வுட்ஸோட புகழ் பொய்னு இதுக்கு அர்த்தம் இல்ல. அது தன் காலத்துப் போட்டியாளர்களை ஜெயிச்சது. பேருக்கு மட்டும் மந்திர சக்தி கிடையாதுன்னுதான் அர்த்தம்.

ஷெஃபீல்டு ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்ன கதை

இப்போ இங்கிலாந்தோட கத்தி ஊரான ஷெஃபீல்டுக்குப் போவோம். அந்த ஊர் நல்ல ஸ்டீலை ரெண்டு தடவை நிராகரிச்சிருக்கு.

முதல் தடவை 1740கள்ல. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மேன் ஒரு கடிகாரக்காரர். கடிகார ஸ்பிரிங்குக்கு ஒரே சீரான எஃகு கிடைக்கலைன்னு, மூசைல முழுசா உருக்கி வார்க்கிற முறையைக் கண்டுபிடிச்சார். ஷெஃபீல்டு கத்திக்காரங்க, இது ரொம்பக் கடினமா இருக்கு, வேலை செய்ய முடியலைன்னு ஒதுக்கினாங்க. அவர் பிரான்ஸுக்கு விற்றார். பிரெஞ்சுக் கத்திகள் சந்தையில போட்டிக்கு வந்த பிறகுதான் ஷெஃபீல்டு அந்த எஃகுக்கு மாறுச்சு.

ரெண்டாவது தடவை இன்னும் சுவாரஸ்யம். ஹாரி பிரியர்லி, 1871ல ஷெஃபீல்டுல பிறந்தவர். அப்பா எஃகு உருக்குற தொழிலாளி. மகன் பன்னிரண்டு வயசுல வேலைக்குப் போய், தானாப் படிச்சு, ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவரானார். துப்பாக்கிக் குழல் உள்பக்கம் அரிக்கிறதைக் குறைக்க வழி தேடும்போது, 1913 ஆகஸ்ட்ல, சுமார் 13 சதவீதம் குரோமியம் இருக்கிற ஒரு எஃகை வார்த்தார். வழக்கமான அமிலம் அதை அரிக்கல. துப்பாக்கியை விட, துருப்பிடிக்கிற சாப்பாட்டுக் கத்திக்கு இது பயன்படுமேன்னு அவருக்குத் தோணுச்சு.

மாதிரிகளை ஊர்க் கத்திக்காரங்களுக்கு அனுப்பினார். வந்த பதில்: இதை அடிக்க முடியல, பதப்படுத்த முடியல, கத்திக்கு லாயக்கு இல்ல. வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்சவர்னு அவருக்குப் பட்டப்பேரே வச்சாங்க.

தப்பு எங்க? அந்தத் தொழிலாளிகள் திறமை இல்லாதவங்க இல்ல. சாதாரண கார்பன் எஃகை சுமார் 800 டிகிரி செல்சியஸ்க்குச் சூடாக்கி, தண்ணியிலயோ எண்ணெயிலயோ முக்கினா கடினமாகும். உலை நிறத்தைப் பார்த்தே அந்த 800ஐ அவங்களால சொல்ல முடியும். ஆனா 13 சதவீத குரோமியம் இருக்கிற எஃகுக்கு அந்தச் சூடு பத்தாது. 1,000 டிகிரி பக்கம் போகணும். அப்போதான் கார்பன் கரைஞ்சு, குளிரும்போது கடினமாகும். 800லயே எடுத்தா, பேரு புது எஃகு, குணம் மென்மையான இரும்பு. விளிம்பு மடங்கும், கத்தி வெட்டாது. அது மட்டும் இல்ல. அதிகச் சூட்டுல அடிச்சா, இந்த எஃகு வெறும் காத்துல ஆறும்போதே இறுகிடும். அப்புறம் வேலை செய்யுற கருவிதான் பாழாகும். பல தலைமுறையா கண்ணுல இருந்த அனுபவம், இந்த ஒரு உலோகத்துகிட்ட மட்டும் எடுபடல.

என் தொழில் பாஷையில சொன்னா, சோர்ஸ் கோடு சரியா இருந்துச்சு, பில்ட் செட்டிங் தப்பு.

அடுத்த வருஷம் பிரியர்லி எர்னஸ்ட் ஸ்டூவர்ட்டைச் சந்திச்சார். ஆர்.எஃப். மோஸ்லிங்கிற கத்திக் கம்பெனில மேனேஜர். ஸ்டூவர்ட் ஒரு துண்டை வினிகர்ல போட்டுப் பார்த்து நம்பிக்கை வச்சார். ஸ்டெயின்லெஸ்ங்கிற பேரு இவரோட வாயில இருந்து வந்ததுதான். ஆனா அவரோட முதல் முயற்சிகளும் சரியா வரல. பிளேடு அளவுக்கு மீறிக் கடினமாச்சு. பிரியர்லி பக்கத்துல நின்னு சூட்டைச் சரி பண்ண பிறகுதான் உருப்படியான கத்திகள் வந்துச்சு. அந்தத் தருணத்துல உலோகம் மாறவே இல்ல. சூடு மட்டும்தான் மாறுச்சு.

கடினத்துக்கு ஒரு நம்பர்

பிரியர்லி ஷெஃபீல்டுல போராடிட்டு இருந்த அதே 1914ல, அமெரிக்கால கனெக்டிகட் மாநிலத்துல ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல்னு ரெண்டு பேர் ஒரு கடினமானிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சாங்க. பேரிங் தயாரிக்கிற ஆலையில, பதப்படுத்தின பாகங்களை வேகமா சோதிக்கிறதுக்காக. ஒரு வைரக் கூம்பை உலோகத்துல அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு பார்த்து ஒரு நம்பர் தரும். இன்னைக்குக் கத்தி விவரங்கள்ல ராக்வெல் சி 56, 58, 60ன்னு பார்க்கிறது இதைத்தான்.

இது சின்ன விஷயம் இல்ல. அதுவரைக்கும் பதம் சரியாங்கிறது கொல்லரோட கண்ணுலயும் அரத்துலயும் இருந்துச்சு. இப்போ அதை எழுதி வைக்கலாம், ஆலைக்கு ஆலை அனுப்பலாம்.

இதை முழுசாப் பயன்படுத்திக்கிட்டவங்கள்ல ஒருத்தர், நமக்கெல்லாம் தெரிஞ்ச சிவப்புக் கைப்பிடிக்காரர். கார்ல் எல்சனர் 1884ல சுவிட்சர்லாந்தோட இபாக்ல பட்டறை திறந்தார். 1891ல சுவிஸ் ராணுவத்துக்கு முதல் கத்திகளைக் கொடுத்தார். அவரோட அம்மா பேரு விக்டோரியா. ஸ்டெயின்லெஸ் எஃகுக்குப் பிரெஞ்சுல சுருக்கமா இனாக்ஸ். ரெண்டும் சேர்ந்து 1921ல விக்டோரினாக்ஸ் ஆச்சு. ஸ்டெயின்லெஸ் பேரைக் கம்பெனி பேருலயே வச்சுக்கிட்டாங்க. ஆனா என்னைப் பொறுத்தவரை அதை விட முக்கியமான வருஷம் 1931. அந்த வருஷம் பிரவுன் போவெரி நிறுவனம் இபாக்ல முழுக்க மின்சாரத்துல இயங்குற பதப்படுத்தும் கூடத்தை அமைச்சுக் கொடுத்துச்சு. நிறத்தைப் பார்த்து யூகிச்ச காலம் அங்க முடிஞ்சுது.

விக்டோரினாக்ஸ் பிளேடு ராக்வெல் 56 பக்கம்தான். கார்பன் அரை சதவீதம் அளவு. ஸ்பெக் பார்க்கிறவங்க உதட்டைப் பிதுக்குவாங்க. ஆனா எந்தக் கத்தியை எடுத்தாலும் அதே 56. துருப்பிடிக்காது. டம்ளரைக் கவுத்து, அடியில இருக்கிற சொரசொரப்பான வளையத்துல நாலு இழுப்பு இழுத்தாலே கூர் திரும்பும். அது தற்செயல் இல்ல. யோசிச்சு எடுத்த முடிவு.

இன்னொரு உதாரணம், அமெரிக்காவோட பக் 110. 1960கள் நடுவுல வந்த மடக்குக் கத்தி. முதல்ல 440சி, சுமார் 1 சதவீதம் கார்பன். பிற்பாடு வேற ஸ்டீல்கள் வழியா 420ஹெச்சிக்கு வந்துச்சு. அதுல கார்பன் பாதிக்கும் குறைவு. காகிதத்துல பார்த்தா இது இறங்குமுகம். ஆனா பக் அந்த ஸ்டீலுக்கு பால் பாஸ்ங்கிற பதப்படுத்தும் நிபுணரோட முறையைப் பயன்படுத்துச்சு. 2000 வாக்குல மெஷின்ல சோதிச்சு, விளிம்போட கோணத்தையும் ஒல்லியாக்குச்சு. மலிவான ஸ்டீலை வச்சே நல்ல பேரைத் தக்க வச்சிக்கிட்டாங்க. ஒரு கட்டத்துல பதப்படுத்தினவர் பேரையே கம்பெனி விளம்பரத்துல சொன்னது அபூர்வமான விஷயம்.

மெஷின் என்ன சொல்லுது?

இப்போ மறுபடியும் ஷெஃபீல்டு. கத்தித் தொழிலுக்கான ஆராய்ச்சிச் சங்கம் ஒண்ணு அங்க இருக்கு. கேட்ரான்னு சுருக்கமாச் சொல்வாங்க. அவங்க மெஷின், 5 சதவீதம் சிலிகா கலந்த அட்டைக் கத்தையைக் கத்தி மேல அழுத்தி, முன்னும் பின்னும் 60 தடவை வெட்ட வைக்கும். மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் அட்டை வெட்டுச்சுங்கிறதுதான் மார்க். சர்வதேசத் தரமாவும் இது பதிவாகியிருக்கு. டெலிவரி டப்பா பிரிக்கிற நம்மளோட வாழ்க்கையை மெஷின்ல போட்ட மாதிரி.

லாரின் தாமஸ்ங்கிற அமெரிக்க உலோகவியலாளர் இந்த மெஷின்ல பல டஜன் ஸ்டீல்களை ஒரே கோணத்துல சோதிச்சு வெளியிட்டிருக்கார். அவரோட முடிவுகள்ல இருந்து பட்ஜெட்காரங்களுக்கு மூணு சேதி.

முதல் சேதி, ஸ்டீல் பேருக்கு அர்த்தம் உண்டு. 8சிஆர்13மோவியோட பேருலயே ரெசிபி இருக்கு: 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம், வனேடியம். டி2ல கார்பன் 1.5 சதவீதம், கார்பைடு நிறைய. தகடு வெட்டுற அச்சுகளுக்காக உருவான ஸ்டீல் அது. ரெண்டையும் சரியாப் பதப்படுத்தினா, அட்டை வெட்டுறதுல டி2 தெளிவா ஜெயிக்கும். பதிலுக்கு, குரோமியத்துல கணிசமான பங்கு கார்பைடுக்குள்ள போயிடுறதால, டி2 முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது. நம்ம கடலோர ஊர் வேர்வைக்கு அது புள்ளி புள்ளியா துரு காட்டும்.

ரெண்டாவது சேதி, கடினம். ஒரே ஸ்டீல்ல ராக்வெல் நம்பர் கொஞ்சம் இறங்கினாலே வெட்டுற அளவு இறங்கும். அவசரமா, ஒரே தடவைல ஏகப்பட்ட பிளேடுகளை அடுக்கி, சூடு சீரா ஏறாத உலையில பதப்படுத்தின டி2, பேருல மட்டும்தான் டி2. அந்தப் பிரியர்லி பிளேடு மாதிரிதான்.

மூணாவது சேதி, கோணம். இது பலருக்கு ஆச்சரியமா இருக்கும். விளிம்போட கோணத்தைச் சில டிகிரி குறைச்சா, அடுத்த விலைப்படில இருக்கிற ஸ்டீலுக்குத் தாவுற அளவுக்கு லாபம் கிடைக்கலாம். அதாவது, தடிமனான விளிம்பு வச்ச விலை உயர்ந்த ஸ்டீலை, ஒல்லியான விளிம்பு வச்ச சாதா ஸ்டீல் அட்டைல தாண்டிப் போகும். ஆனா ஒல்லியாக்குறதுக்கும் எல்லை உண்டு. பெரிய கார்பைடு இருக்கிற டி2 ரொம்ப ஒல்லியானா பெயரும். ஏஇபி-எல், ஓப்பினெல் கத்தில வர்ற 12சி27 மாதிரி நுண்மையான ஸ்டீல்கள் ஒல்லி விளிம்பை நல்லாத் தாங்கும்.

அப்போ என்ன பண்ணலாம்?

வாங்கும்போது ஸ்டீல் பேரோட ராக்வெல் அளவும் போட்டிருக்காங்களான்னு பாருங்க. 57 முதல் 59ன்னு ஒரு வரம்பைச் சொல்றவர், அட்லீஸ்ட் அளந்து பார்க்கிறவர். விளிம்புக்கு மேல பிளேடு எவ்வளவு தடியா இருக்குன்னு பாருங்க. மிச்சம் பிடிக்கிற காசுல ஒரு தீட்டுக்கல் வாங்குங்க. 8சிஆர்13மோவி மாதிரி ஸ்டீல் அஞ்சு நிமிஷத்துல கூர் ஏறும். டி2 உங்க பொறுமையைக் கேட்கும். அதிக நாள் கூர் நிக்கிற கத்தியைத் தீட்டத் தெரியாதவர் கையில கொடுத்தா, கடைசில அது அதிக நாள் மொக்கையா இருக்கிற கத்தியாகும்.

தெருவுல சைக்கிள்ல வர்ற சாணைக்காரர்கிட்ட கொடுத்தாலும் தப்பில்ல. பொறி பறக்க அழுத்திப் பிடிக்க வேண்டாம், அப்பப்போ தண்ணில நனைங்கன்னு சொல்லுங்க. விளிம்புல நீல நிறம் ஏறிடுச்சுன்னா சூடு அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். அந்த இடத்துல பதம் இறங்கியிருக்கும். ஆலையில உலை கொடுத்ததை, சக்கரம் ஒரு நிமிஷத்துல எடுத்துடும்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பிரியர்லிக்கும் அவர் வேலை பார்த்த ஃபிர்த் கம்பெனிக்கும் பெரிய தகராறு வந்துச்சு. உரிமை யாருக்கு, பிளேடு மேல யார் பேரைப் பொறிக்கிறது, இதுதான் சண்டை. அவர் 1915ல விலகினார். 1917ல ஃபிர்த்-பிரியர்லி சிண்டிகேட்னு ஒரு அமைப்பு உருவாச்சு, ரெண்டு பேரும் இடம்பிடிச்சாங்க. வினிகர்ல போட்டுப் பார்த்து, பேரு வச்சு, பிளேடுகளை வீணாக்கி வீணாக்கி வழிக்குக் கொண்டு வந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் பேரு அதுல இல்ல. அவருக்குக் கீழ உலையைப் பார்த்துக்கிட்டவங்க பேரு எந்தப் பேச்சுலயும் இல்ல.

அடுத்த தடவை உங்க கத்தில அந்தப் பாஸ்வேர்ட் எழுத்தைப் பார்க்கும்போது, பொறிக்காத அந்தப் பேர்களையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம். விரல் பத்திரம்.